தோட்டாவின் எடையும் குழலின் திருகும்

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சுவரோரம் நடக்கையில் என் எண்ணம் போரைவிட ஈயக்குண்டின் எடையையே சுற்றுகிறது. 1799 மே 4 அன்று அச்சுவரின் உடைப்பில் ஏறிய கும்பினிப் படையின் பிரவுன் பெஸ் துப்பாக்கிக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் ஏறத்தாழ 14 குண்டுகள் வார்த்தனர். ஒன்று சுமார் 32 கிராம். உருண்டைக் குண்டின் எடையைக் கூட்டக் குழலையே அகலமாக்க வேண்டும், வேறு வழியில்லை.

இன்று 50 மீட்டர் இலக்குச் சுடுதலுக்குரிய பாயிண்ட் 22 ரைபிளின் வழக்கமான தோட்டா 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். அதே 5.6 மி.மீ. விட்டத்தில் ஈய உருண்டை வார்த்தால் (கணக்கிட்டுப் பார்த்தேன்) ஒரு கிராம்தான் தேறும். மீதி எடை நீளத்தால் வருவது. நீண்ட தோட்டா குப்புறாமல் பறக்க விரைந்து சுழல வேண்டும். அச்சுழற்சியைத் தருபவை குழலுள் வெட்டிய திருகுவரிகள். ஏறத்தாழ இதே விட்டமுள்ள எம்16, 55 கிரெய்ன் தோட்டாவுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று கொண்டிருந்தது. 62 கிரெய்ன் வந்தபோது 7 அங்குலத்துக்கு மாறியது.

எனவே, “கனமானதே நன்று” என்பது பாதி உண்மை. கனமான தோட்டா வேகத்தை மெல்ல இழக்கும், பக்கக்காற்றில் குறைவாக விலகும். ஆனால் திருகு ஒவ்வாவிடில் தோட்டா புரண்டு, இலக்குத்தாளில் நீள்துளையே விழும்.

வேட்டைக்கு எது உகந்தது என்ற வினா இங்கு எழுவதில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. கோட்டைக்கு அருகே ரங்கனதிட்டுவில் 1940 முதலே பறவைகளுக்குச் சரணாலயம் உண்டு. இலக்குச் சுடும் மாணவர்கள் தோட்டாப் பெட்டியின் எடையைப் படிக்குமுன் குழலின் சுற்று விகிதத்தைக் கேட்டறியலாம்.