கம்பளி ஆடையும் கார் பேட்டரியும்

கடல் கடந்து உழைப்போரின் வீடுகளில் ஆண்டில் பத்து மாதம் தொடப்படாமலே கிடக்கும் பொருள்கள் சில உண்டு. உம்மாவுக்கென வாங்கி வந்த பீங்கான் கோப்பைகள், திறக்கப்படாத அத்தர்க் குப்பிகள், பெட்டிக்குள் மடித்து வைத்த போர்வைகள். இக்காலத்தில் அவ்வரிசையில் காரும் சேர்ந்துகொண்டது. கீழக்கரையில் நம் தெருவைச் சுற்றி வந்தால், துணி போர்த்தி நிற்கும் கார்களை எண்ணக் கைவிரல்கள் போதா. அவற்றின் உரியவர்கள் துபாயிலும் தம்மாமிலும் இருக்கிறார்கள்.

நம் வீட்டிலும் ஒன்று நின்றது. காக்கா 2019ஆம் ஆண்டு விடுப்பில் வந்தபோது வாங்கிய சிறிய கார் அது. 2020 ஜனவரியில் புறப்படும் நேரத்தில் சாவியை நம் கையில் வைத்து, "தம்பி, உம்மாவுக்கு ஏதாவது அவசரம் என்றால் எடு. பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்றார். அச்சொற்களை நாம் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டோம். பிறர் பொருள் நம்மிடம் அமானிதம். அதைச் சொந்த வசதிக்குத் தொடுவது தகாது. கடைக்கும் கல்யாணத்துக்கும் நம் பழைய ஸ்கூட்டரே போதும். மாதம் இருமுறை உம்மாவை இராமநாதபுரத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு மட்டும் கார் வெளியே வரும். காக்கா திரும்பும் நாளில் கிலோமீட்டர் முள் எவ்வளவு குறைவாக நகர்ந்திருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்!

அவ்வாண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மருத்துவர் தொலைபேசியிலேயே மருந்து சொல்லலானார். கார் அசையவில்லை. ஆனால் நாம் அதை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெள்ளிதோறும், பள்ளிவாசல் மூடியிருந்த அந்த வெள்ளிகளில், வீட்டிலேயே லுஹர் தொழுதுவிட்டுக் கொட்டகைக்குப் போவோம். போர்வையை விலக்கி, எஞ்சினை முடுக்கி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவோம். வெயிலுக்கு இதமாகக் குளிர்சாதனத்தையும் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பது வழக்கம். பேட்டரிக்கு உணவூட்டிவிட்டதாக நினைத்து, மனநிறைவோடு மீண்டும் போர்த்துவோம். ரமலான் பிறந்து இரண்டாம் வெள்ளியன்று எஞ்சின் சற்றுத் திணறித்தான் எழுந்தது. வெயில் மிகுதி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளி வருமுன் ஒரு நாள், ஸஹருக்கு எழும் வேளையில், உம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்கள். வேர்வை வழிந்தது, பேச்சு எழவில்லை. நாம் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினோம். திருப்பியதும் விளக்கு எரிந்தது. உயிர் வந்தது நமக்கு. மேலும் திருப்பினோம். 'டக், டக், டக்' என்ற ஓசை மட்டுமே. மீண்டும் அதே ஓசை. விளக்கு மங்கியது.

விளக்கு எரிவதும் எஞ்சின் சுழல்வதும் ஒன்றல்ல என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை. முகப்பு விளக்குகளுக்குப் பத்து ஆம்பியர் அளவு மின்னோட்டம் போதும்; ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், சில நொடிகளே ஆனாலும். வாப்பா காலத்து அம்பாசடரில் முன்புறம் செருகிச் சுழற்ற இரும்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. 1912இல் கெடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது முதல் அக்கைப்பிடிக்கு வேலை குறைந்து, பிற்பாடு அதைச் செருகும் துளையும் மறைந்தது. தள்ளிப் பார்க்கலாம் என்றால், நம் சந்து இருபதடியில் திரும்பிவிடுகிறது. பக்கத்து வீட்டாரும் நாமும் தள்ளினோம். திருப்பத்துச் சுவரோடு நின்றது.

முடிவில் மீன் ஏற்றும் வேன் ஒன்றுதான் கிடைத்தது. ஓட்டுநருக்கும் நமக்கும் நடுவே உம்மாவை அணைத்து உட்காரவைத்துக்கொண்டு இராமநாதபுரம் சேர்ந்தபோது, புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்திற்கு மேல் நாற்பது நிமிடம் போயிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா பிழைத்தார்கள். "இன்னும் முன்னதாகக் கொண்டுவந்திருக்கலாமே" என்று மருத்துவர் சொன்னது வழக்கமாகச் சொல்லும் வார்த்தையாகவும் இருக்கலாம். நம் காதில் அது இன்னும் ஒலிக்கிறது.

உம்மா வீடு திரும்பிய பின், ஊரில் பேட்டரி வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். மீட்டரை வைத்துப் பார்த்தார், 11.6 வோல்ட் காட்டியது. முழுமையாக ஏறிய பேட்டரி, ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றாலே பாதி காலி. ஒரு வோல்ட்தானே குறைவு என்று நாம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "இதில் ஒரு வோல்ட் என்பது எல்லாமே போனதற்குச் சமம், தம்பி."

நம் வெள்ளிக்கிழமை வழக்கத்தைச் சொன்னோம். அவர் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். இக்காலத்துக் கார் பூட்டி நிற்கும்போதும் உறங்குவதில்லை. கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி ஆகியவை சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால், வாரத்திற்கு ஐந்து ஆம்பியர்-மணி. நம் காரின் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணி கொண்டது. எஞ்சின் நின்ற இடத்தில் மெல்ல ஓடும் ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறுவது ஒரு ஆம்பியர்-மணிகூடத் தேறாது. குளிர்சாதனம் வேறு அதில் பங்கு கேட்கிறது. முடுக்கிய செலவு தீரும், வாரத்துச் செலவு நிற்கும். இப்படி வாரந்தோறும் நான்கு குறைந்தால், ஆறு வாரத்தில் என்ன மிஞ்சும்? போதாததற்குச் சித்திரை வைகாசி வெப்பம் வேறு. வெப்பம் ஏற ஏறப் பேட்டரி தன்னுள்ளேயே இழப்பதும் மிகும்.

1859இல் பிரான்சு நாட்டுப் பிளாண்டே அமைத்த ஈய–அமில மின்கலத்தின் அடிப்படையே இன்றும் நம் கார்களில் இருக்கிறது. மின்சாரம் செலவாகச் செலவாக, ஈயத் தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது. மின்சாரம் ஏற்றினால் கரைந்து பழைய நிலை அடைகிறது. ஆனால் காலியான நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால், அப்படிவு கெட்டிப் பளிங்காக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு ஏற்றினாலும் முழுமையாகக் கரையாது. நம்முடைய பேட்டரியைப் பெரியவர் இரண்டு நாள் மெதுவாக ஏற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். புதிது வாங்கினோம்.

பள்ளிவாசல்கள் மீண்டும் திறந்தபின், ஓர் அசருக்குப் பிறகு இந்தக் கதையை ஆலிம் ஒருவரிடம் சொன்னோம். அமானிதத்தைத் தொடாமல் காத்தும் அது கெட்டுப்போனதே என்பது நம் ஆற்றாமை. அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நீங்கள் ஓதியது பாதிதான்" என்றார். ஒப்படைக்கப்பட்ட பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டந்தான். ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில், அமானிதப் பாடத்திலேயே வேறொன்றும் இருக்கிறது. கம்பளி ஆடைகளை ஒருவரிடம் ஒப்படைத்தால், பூச்சி அரிக்காதபடி அவற்றைக் காற்றாட விரித்துப் போடுவது அவர் கடமை. தேவைப்பட்டால் உடுத்தவும் வேண்டும். உரியவர் தடுத்திருந்தாலன்றி, அப்படிச் செய்யாமல் ஆடை கெட்டால் பொறுப்பும் அவருடையதே. ஒப்படைத்தது கால்நடையானால் தீனி போட வேண்டும் என்பதும் அங்கே உண்டு. "உங்கள் கார் கம்பளியா, ஒட்டகமா?" என்று கேட்டுவிட்டு அவரே நகைத்தார். இரண்டுமே என்று சொல்லத் தோன்றியது நமக்கு, சொல்லவில்லை.

அன்றிரவே காக்காவிடம் பேசினோம். வாரந்தோறும் காரை ஓட்ட அனுமதி கேட்டபோது அவர் திகைத்தார். "இதற்கும் அனுமதியா?" என்றார்.

இப்போது வெள்ளி அசருக்குப்பின் ஏர்வாடி வரை சென்று, சற்றுச் சுற்றித் திரும்புகிறோம். நாற்பது நிமிடமாவது ஆகும். ஓட்டத்தில் பேட்டரிக்கு 14 வோல்ட் அளவில் மின்சாரம் சேர்கிறது. எஞ்சினும் நன்றாகச் சூடேறி உள்ளிருக்கும் ஈரம் போகிறது. டயர்களும் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடப்பதில்லை. சில வாரம் ஓட்ட இயலாதெனில், வீட்டு மின்சாரத்தில் இணைக்கும் சிறு சார்ஜர் இருக்கிறது. பேட்டரி நிறைந்ததும் தானே தணிந்து 13.5 வோல்ட்டை ஒட்டி நிற்கும் வகை அது. பழைய வகை சார்ஜரை அப்படி விட்டுவைத்தால் நீர் வற்றிப் பேட்டரி கெடும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு எழுமாதலால் கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கிறோம். பக்கத்தில் பீடி சிகரெட்டுக்கு இடமில்லை.

ஊரைவிட்டே போக நேர்ந்தால் அதைவிட எளிய வழி: 10 எண் ஸ்பானரால் எதிர்முனைக் கம்பியை மட்டும் கழற்றிவிடுவது. கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். கடிகாரம் நேரம் தவறும், ரேடியோ பழைய நிலையங்களை மறக்கும், வேறு நட்டமில்லை. ஊரடங்கிலும் இதைச் செய்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அதனால்தான் ஊரடங்கின்மேல் பழிபோட நமக்கு வாய் எழுவதில்லை. கடற்காற்றில் முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுகிறோம். நீர் ஊற்றும் வகையாயின் வாலைநீர் மட்டுமே. நம்மூர்க் கிணற்றின் உப்பு நீரை நினைத்தும் பார்க்கலாகாது.

காரின் பின்னால் இணைப்புக் கம்பி ஒரு சோடியும் கிடக்கிறது. சிவப்பை முதலில் காலியான பேட்டரியின் நேர்முனையிலும், அடுத்து நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், மறுமுனையைக் காலியான காரின் எஞ்சின் இரும்பிலும் மாட்ட வேண்டும். தெருவில் நான்கு கார்களை இதுவரை எழுப்பியிருக்கிறோம். மீன் வேன்காரர்தான் முதலில் கேட்டு வந்தார்.

2021இல் காக்கா வந்தார். காரில் ஏறியதும் அவர் கண் கிலோமீட்டர் முள்ளின்மேல் போயிற்று. "இவ்வளவு தூரம் எங்கே போனாய்?" என்று நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் விளக்கம் சொல்லத் தொடங்குமுன், முன்னிருக்கையில் ஏற்கனவே அமர்ந்துவிட்ட உம்மா, "நானுந்தான் போனேன். வெள்ளிதோறும் போகிறோம். இன்றும் வெள்ளிதான், எடு" என்றார்கள்.