சைக்காலஜி பாடத்தை விளையாடிப் படிங்க

சைக்காலஜி பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதை நடத்துற ஆசிரியர்களுக்கும் இந்த த்ரெட். பிளஸ் டூல எடுத்தவங்க, நர்சிங், பி.எட் படிக்கிறவங்க எல்லாருக்கும் பொருந்தும்.

படிக்காதவங்களும் போயிடாதீங்க. உங்க வீட்டுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு.

முதல்ல ஒரு விளையாட்டு. கீழே இருக்கிற வார்த்தைகளை ஒரே ஒரு தடவை மெதுவா வாசிங்க. எழுதி வெச்சுக்கக் கூடாது.

படுக்கை, தலையணை, கனவு, போர்வை, இரவு, கொட்டாவி, பாய், அசதி, குறட்டை, தாலாட்டு, ஓய்வு, விழிப்பு.

வாசிச்சாச்சா? இனி மேலே திரும்பிப் பார்க்காம கீழே வாங்க.

இரண்டாவது விளையாட்டுக்கு நாலு கலர் சாக்பீஸ் போதும். போர்டுல முதல்ல 20 கலர் கட்டங்கள் வரைங்க. ஒரு பிள்ளை வந்து ஒவ்வொரு கட்டத்தின் நிறத்தையும் வேகமா சொல்லணும். இன்னொரு பிள்ளை போன்ல நேரம் பார்க்கணும்.

அடுத்து 20 வார்த்தைகள். 'சிவப்பு'ன்னு நீல சாக்பீஸ்ல எழுதுங்க. 'பச்சை'ன்னு மஞ்சள்ல எழுதுங்க. வார்த்தையைப் படிக்கக் கூடாது, எழுதியிருக்கிற நிறத்தை மட்டும் சொல்லணும்.

நாக்கு குழறும், நேரம் கூடும், வகுப்பே சிரிக்கும்.

ஏன் இப்படி ஆகுது? படிக்கக் கத்துக்கிட்ட மூளையால படிக்காம இருக்க முடியாது. நாம கேக்காமலே அது படிச்சு முடிச்சிடும். அதே வார்த்தைகளை வகுப்புல யாருக்கும் தெரியாத ஒரு மொழியில எழுதிப் பாருங்க, தடுமாற்றம் இருக்காது. 1935ல அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட ஆய்வு இது. புத்தகத்துல 'ஸ்ட்ரூப் விளைவு'ன்னு ரெண்டு வரியில முடிஞ்சிருக்கும். போர்டு முன்னாடி நின்னு நாக்கு குழறின பிள்ளைக்கு அதை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே இல்லை.

சரி, இப்ப முதல் விளையாட்டுக்கு வருவோம். மேலே பார்க்காம பதில் சொல்லுங்க.

அந்தப் பட்டியல்ல 'கொட்டாவி' இருந்துச்சா? 'போர்வை' இருந்துச்சா? 'தூக்கம்' இருந்துச்சா?

மூணுக்கும் 'ஆமா'ன்னு சொன்னவங்க இப்ப மேலே போய்ப் பாருங்க. 'தூக்கம்'ங்கிற வார்த்தை அந்தப் பட்டியல்லயே கிடையாது.

பயப்படாதீங்க, உங்க மூளை நல்லாத்தான் இருக்கு. ஜேம்ஸ் டீஸ் 1959லயும், ஹென்றி ரோடிகர், கேத்லீன் மெக்டெர்மட் ரெண்டு பேரும் 1995லயும் இதே மாதிரி பட்டியல்களை வெச்சுத்தான் சோதிச்சாங்க. நினைவுங்கிறது வீடியோ இல்லை. மூளை ஒவ்வொரு தடவையும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுது. இடைவெளி இருந்தா பொருத்தமான ஒண்ணைத் தானே போட்டு நிரப்புது. அதையும் முழு நம்பிக்கையோட செய்யுது.

இதை அரசு மருத்துவமனை ஓபியில தினமும் பார்க்கிறேன். "டாக்டர், போன தடவை வெள்ளை மாத்திரைதான் குடுத்தாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ன்னு சொல்றவர் பொய் சொல்லலை. அவர் நினைவு அப்படித்தான் ஒட்டி வெச்சிருக்கு. அதனாலதான் மாத்திரை அட்டையையும் ஓபி சீட்டையும் கையோட கொண்டு வாங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றோம்.

மூணாவது விளையாட்டுதான் முக்கியம்.

சைக்காலஜி படிக்கிறவங்க நிறைய பேர் குழம்புற இடம் 'எதிர்மறை வலுவூட்டல்'. பேரைக் கேட்டதும் தண்டனைன்னு எழுதிடுவாங்க. ரெண்டும் வேற வேற.

வகுப்பறையோட ஒரு சுவர் 'வலுவூட்டல்', எதிர் சுவர் 'தண்டனை'. ஆசிரியர் ஒரு சம்பவம் சொல்லணும். பிள்ளைங்க எந்தச் சுவர்னு முடிவு பண்ணி ஓடணும். ஓடறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டுக்கணும். அந்தப் பழக்கம் கூடுதா, குறையுதா? புதுசா ஒண்ணு வந்து சேர்ந்துச்சா, இருந்த ஒண்ணு விலகிச்சா?

ஹெல்மெட் இல்லாம போனார், அபராதம் கட்டினார், அப்புறம் அப்படிப் போறதை விட்டுட்டார். பழக்கம் குறைஞ்சது, அதனால தண்டனை.

கார்ல சீட் பெல்ட் போட்டதும் அந்த எரிச்சல் சத்தம் நிக்குது. அதுக்காகவே தினமும் போடுறார். தொந்தரவு விலகிச்சு, பழக்கம் கூடிச்சு. இதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

இப்ப இதைச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் ஒருத்தருக்குக் கை நடுங்குது, வேர்க்குது, படபடப்பா இருக்கு. ஒரு குவார்ட்டர் உள்ள போனதும் எல்லாம் நிக்குது. மறுநாள் காலையிலும் குடிக்கிறார்.

எந்தச் சுவர்?

இந்தக் காட்சியைத் தன் வீட்லயே பார்த்த பிள்ளை அந்த வகுப்புல இருக்கலாம். 'அப்பா திமிர்ல குடிக்கிறார்'னு மட்டுமே கேட்டு வளர்ந்திருக்கும். சந்தோஷத்துக்காக ஆரம்பிச்ச குடி, பிறகு நடுக்கத்தை நிறுத்துறதுக்கான குடியா மாறிடுதுன்னு அதுக்கு இங்கதான் முதல்தடவை புரியலாம். அவர் செஞ்சது சரின்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அது ஒரு நோய், அதுக்கு சிகிச்சை இருக்குன்னு அர்த்தம்.

இதோட இன்னொண்ணையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க. வருஷக்கணக்கா தினமும் குடிக்கிறவரை வீட்ல பூட்டி வெச்சு ஒரே நாள்ல நிறுத்த வைக்காதீங்க. வலிப்பு வரலாம், நிதானம் தப்பிப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வந்து மருந்தோட நிறுத்துறதுதான் பாதுகாப்பு.

ஒரு சுவர்ல இருந்து இன்னொரு சுவருக்கு ஓடுற விளையாட்டு ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செய்ய முடியும்.

அடுத்து, தேர்வுக்குத் திருப்பிப் படிக்கிறது.

புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு போட்டு நாலு தடவை வாசிக்கிறதை விட, மூடி வெச்சிட்டு ஞாபகப்படுத்திப் பார்க்கிறது நல்லது. ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006ல வெளியிட்ட ஆய்வுல, 5 நிமிஷம் கழிச்சு சோதிச்சப்ப திரும்ப வாசிச்சவங்கதான் முன்னாடி இருந்தாங்க. ஒரு வாரம் கழிச்சு சோதிச்சப்ப, தாங்களே ஞாபகப்படுத்திப் பார்த்தவங்க முந்திட்டாங்க.

அதனால 'நான் யார்?' விளையாடுங்க. ஒரு அட்டையில 'பாவ்லவ்'னோ 'குறுகிய கால நினைவு'ன்னோ எழுதி, அவர் பார்க்காம நெத்தியில ஒட்டுங்க. அவர் ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்விகளா கேட்டு கண்டுபிடிக்கணும். கேக்குறவர், பதில் சொல்றவங்க எல்லாருமே புத்தகம் இல்லாம ஞாபகப்படுத்துறாங்க பாருங்க, அதுதான் இங்க மருந்து. ஒரே நாள்ல பத்து தடவை வேண்டாம். நாளைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு, அடுத்த வாரம் ஒண்ணு. தப்பு சொன்னா 'அவுட்' கிடையாது, மார்க்கும் கிடையாது. யாருக்கு வரலையோ அவங்களுக்குத்தான் அடுத்த வாய்ப்பு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனநோய் அறிகுறிகளை நடிச்சுக் காட்டிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம். தனக்குத் தானே பேசுற மாதிரி ஒருத்தர் நடிப்பார், வகுப்பு சிரிக்கும். அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அந்த நோய் இருக்கிற பிள்ளையும் அதே பெஞ்சுல உக்காந்து கூடவே சிரிச்சாகணும். நாளைக்குத் தனக்கு ஒண்ணுன்னா அந்தப் பிள்ளை யார்கிட்டயும் வாயைத் திறக்காது. மூளை ஏமாறுறதைப் பார்த்து சிரிக்கலாம், அது எல்லாருக்கும் பொது. நோயைப் பார்த்து சிரிக்க வைக்கக் கூடாது.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிறகு 5 நிமிஷம் ஒதுக்குங்க. என்ன நடந்துச்சு, ஏன் நடந்துச்சு, நம்ம வீட்ல இதை எங்க பார்த்தோம்னு பேசுங்க. பாடம் அங்கதான் உள்ள இறங்குது. அப்ப ஒரு பிள்ளை சுருங்கி உக்காந்திருந்தா தனியா கூப்பிட்டு விசாரிங்க. 14416, டெலிமானஸ் எண், இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். போர்டு ஓரத்துல அழிக்காம எழுதி வைங்க.

சைக்காலஜி வகுப்புல இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பாடப் பொருளைத் தலைக்குள்ளயே வெச்சிட்டு வந்திருக்கு. அதை வெளிய எடுத்துக் காட்ட பெரிய லேப் வேண்டாம். கலர் சாக்பீஸ் நாலு, பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டின அட்டைகள் கொஞ்சம், அவ்வளவுதான் செலவு.