ரொறன்ரோ நகரில் யமேக்கா உணவு

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் நூலகத்தை நாடுவர். அவ்வழி சிறந்ததே. எனினும், தாயகம் விட்டுத் தொலைதூரம் சென்று குடியேறிய மக்களைப் பொறுத்தவரை நூலகத்தினும் விரைவாக உண்மை கூறும் இடம் ஒன்றுண்டு. அஃது அவர்தம் உணவுக் கடையாகும். உடையும் மொழியும் ஒரு தலைமுறையில் மாறிவிடலாம். நாவின் சுவை அத்துணை எளிதில் மாறுவதில்லை. இதனை நன்குணர்ந்த இடம் கனடா நாட்டின் ரொறன்ரோ நகரம் என்பதால், அந்நகரிலுள்ள யமேக்கா உணவுச் சாலைகளைப் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று அந்நகரில் வாழ்கின்றனர். அவர்கள் மிகுதியாக வதியும் ஸ்காபரோப் பகுதியின் கடைத்தொகுதிகளில், இடியப்பமும் புட்டும் விற்கும் நம்மவர் கடைக்கு அணித்தாகவே யமேக்கா மக்களின் கடையும் அமைந்திருக்கக் காணலாம். இரண்டுக்கும் வண்டி நிறுத்தும் முற்றம் ஒன்றே. இரண்டிலும் மாலைவேளையில் வேலை முடிந்து வருவோர் வரிசையும் ஒன்றுபோலவே நீளும். ஆயினும் இருபதாண்டு அம்முற்றத்தில் நடந்தும் அடுத்த வாயிலை ஒருமுறையேனும் மிதியாதார் நம்மவருள் உளர். “அது வேறு ஆட்களின் கடை” என்று கூறிவிட்டு அப்பாற் செல்வர். அவ்வாறு செல்வோர் இழப்பது ஒரு வேளை உணவு மட்டுமன்று என்பதே நம் கருத்து.

யமேக்கா உணவின் தலைவாயில் எனத் தக்கது எக்லின்ரன் மேற்கு வீதியில், அலன் வீதிக்கும் கீல் வீதிக்கும் இடைப்பட்ட பகுதி. மக்கள் அதனைச் சிறிய யமேக்கா என்று அழைப்பர். 1955 ஆம் ஆண்டில் கனடா அரசு வீட்டுப் பணிக்கென மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மணமாகாத இளம் பெண்களை அழைக்கும் திட்டமொன்றைத் தொடங்கிற்று. முதலாண்டில் வந்தோர் நூற்றுவர். அவருட் பெரும்பாலோர் யமேக்காவினர். பிறர் வீட்டு அடுப்பை மூட்ட வந்த அப்பெண்களின் பின்னே உறவினரும் நண்பரும் வந்தனர். 1967 ஆம் ஆண்டிற் குடிவரவு விதிகள் தளர்ந்தபின் அவ்வரவு பெருகிற்று. வெதுப்பகங்களும் இசைத்தட்டுக் கடைகளும் சிகையலங்காரக் கடைகளும் அவ்வீதியிற் பல்கின. ரெகே இசையின் பெயரால் ஓர் ஒழுங்கைக்கு 2015 இற் பெயர் சூட்டப்பட்டதும் அங்கேதான்.

அவ்வீதியிலுள்ள றாப்ஸ் என்னும் கடை, இரவு வெகுநேரம் வரை திறந்திருப்பதற்குப் பெயர்பெற்றது. அங்கும் அதனையொத்த கடைகளிலும் முதலிற் கேட்கத்தக்கது ஜேர்க் கோழி. அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு மலைக்காடுகளில் ஒதுங்கி வாழ்ந்த மரூன் மக்கள், வேட்டையிறைச்சிக்குக் காரமும் மணப்பொருளும் பூசி, பிமென்ரோ மர விறகின் புகையில் மெல்ல வேகவைத்த முறையே அது. பிமென்ரோக் காயை முகர்ந்தால் கிராம்பும் கறுவாவும் சாதிக்காயும் ஒருங்கே மணக்கும். நகரத்திலோ நெடுக்காகப் பிளந்த இரும்புப் பீப்பாயே அடுப்பாகின்றது. உறைப்பைத் தருவது ஸ்கொச் பொனற் என்னும் குண்டு மிளகாய். யாழ்ப்பாணத்து நாவும் அதன்முன் சற்றுத் தயங்கும். உடன் வரும் சோறு, செந்நிற அவரை விதையுடன் தேங்காய்ப்பாலிற் சமைத்தது. தேங்காய்ப்பாலின் அருமையை நம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்து, ஆட்டுக்கறி. இதனை உண்ணும்போது நாம் சற்று நிதானித்தல் தகும். 1838 இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றபின், கரும்புத் தோட்டத் துரைமார் கூலிக்கு ஆள் தேடி இந்தியாவை நோக்கினர். 1845 மே 10 ஆந் திகதி புளண்டல் என்னும் கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளருடன் யமேக்காவின் பழைய துறைமுகக் குடாவை அடைந்தது. 1917 வரை அவ்வாறு சென்றோர் ஏறத்தாழ 36,000 பேர். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னைத் துறையிலிருந்து சென்றோரும் உளர். நம் மலையகத்துக்குக் கோப்பித் தோட்டம் வெட்ட மக்கள் அழைத்துவரப்பட்ட அதே காலம் அது. அவர்கள் மூட்டையிற் கொண்டுசென்ற மஞ்சளும் மல்லியும் சீரகமும் அத்தீவின் தைம் தழையோடும் பிமென்ரோவோடும் கலந்தன. அக்கறியின் நிறம் நம் கறியினும் மஞ்சள். மணம் பாதி நமது, பாதி அவரது. அதனை ‘வேறு ஆட்களின்’ உணவென்று எவ்வாறு கூறுவது?

காலையிற் செல்வோர் அக்கியும் உப்புமீனும் கேட்டுண்ணலாம். அக்கி மேற்காபிரிக்காவிலிருந்து வந்த கனி. தானே வெடித்து மலருமுன் உண்டால் நஞ்சு. மலர்ந்தபின் பக்குவமாகச் சமைத்தால் முட்டைப் பொரியல் போல் மென்மையானது. உப்பிட்டு உலர்த்திய மீனோ நியூபவுண்லாந்து, நோவா ஸ்கோஷியாக் கடல்களிற் பிடிபட்டது. மட்டமான மீனை அடிமைகளின் உணவுக்கென அனுப்பிச் சருக்கரைப்பாகும் றம் மதுவும் பெற்றுவந்த வணிகம் அது. அம்மீனையே யமேக்கா மக்கள் தம் தேசிய உணவாக உயர்த்தி, மீண்டும் கனடாவுக்கே கொண்டுவந்து வைத்துள்ளனர்.

சைவ உணவினர்க்கு அங்கே என்ன உண்டு என நம் கல்லூரி அன்பர் வினவுவர். றஸ்தாபாரி நெறியினர் ஐற்றல் எனப்படும் மரக்கறி உணவை உண்பர். புலாலை விலக்கி, பலர் உப்பையும் விலக்கி, பூசணியும் கிழங்கும் பயறும் தேங்காய்ப்பாலிற் சமைப்பர். இந்நெறியில் இந்தியத் தொழிலாளரின் தாக்கம் உண்டென அறிஞர் சிலர் கருதுவர். கலலூ என்பது நம் தண்டுக்கீரையின் இனமே. பமி என்பது மரவள்ளிக்கிழங்கு மாவினாலான தட்டையான அடை. ஈரப்பலாக்காயும் கிடைக்கும். மாட்டிறைச்சி விலக்குவோர் எருத்துவாற் கறியைத் தவிர்க்க; எதிலும் ஐயமிருப்பின் கடைக்காரரைக் கேட்க. அவர் மனங்கோணாது விடை கூறுவர்.

நம்மூர்த் தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பற்றீசுக்கு யமேக்காவில் மூத்த உறவினர் ஒருவர் உண்டு. மஞ்சள் நிற மாவுறையுள் மசாலா இட்ட இறைச்சியோ கோழியோ மரக்கறியோ பொதிந்தது. வோர்டன், பாதர்ஸ்ற் ஆகிய நிலக்கீழ்ப் புகையிரத நிலையக் கடைகளில் அதனை வாங்கி, ஓட்டமும் நடையுமாக உண்டு வளர்ந்தோர் அந்நகரில் எல்லா இனத்தாருள்ளும் உளர். 1985 இல் அரசாங்கப் பரிசோதகர், மாட்டிறைச்சிப் பற்றீஸ் என்னும் பெயர் வட்டமாகத் தட்டிய வெறும் இறைச்சிக்கே உரியதெனக் கூறி, அப்பெயரை விலக்குமாறு வெதுப்பகத்தாருக்கு அறிவித்தனர். அவர்கள் அடிபணிந்திலர். ஈற்றில், யமேக்கா பற்றீஸ் என வழங்கலாம் என்ற இணக்கம் ஏற்பட்டது. தம் உணவின் பெயருக்காக ஒரு சிறு சமூகம் அரசோடு வாதிட்டு நின்றது. பெயரின் பெறுமதி அறிந்த நமக்கு இது சிறு செய்தியன்று.

இத்துணைச் சிறப்பிருந்தும் எக்லின்ரன் வீதி இன்று பழைய பொலிவோடு இல்லை. 2011 இல் தொடங்கிய புகையிரதப் பாதை வேலை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. கடைவாயில்களை வேலிகள் மறைத்தன, வண்டி நிறுத்த இடமின்றி வாடிக்கையாளர் குறைந்தனர், வாடகையோ குறையவில்லை. நாற்பதாண்டுக்கு மேலாகப் பற்றீசுக்குப் புகழ்பெற்றிருந்த றண்டிஸ் என்னும் கடை 2022 இல் மூடப்பட்டது. மூடிய கடைகள் இன்னும் பல. ஒரு கடை மூடப்படும்போது வேலை தேடி வந்தவன் செய்தி கேட்ட இடமும், முதியோர் தம் மொழியில் வாய்விட்டுச் சிரித்த இடமும், பிள்ளைகள் பாட்டனின் ஊரை முதன்முதற் சுவைத்த இடமும் மறைகின்றன. அவர் கடைக்கு நேர்ந்தது நாளை நம் கடைக்கும் நேரலாம்.

ஆதலின், ரொறன்ரோ வாழ் அன்பர்காள், அந்நகருக்கு மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் மாணவர்காள்! அடுத்த முறை அம்முற்றத்தில் நிற்கும்போது பக்கத்து வாயிலுள்ளும் நுழைமின். சமைத்தவரிடம் அதன் பக்குவம் கேண்மின். நம் பக்குவத்தையும் கூறுமின். நல்ல அயலவர் என்ற பெயரைச் சம்பாதிக்க இதனினும் மலிவான வழி எந்நகரிலும் இல்லை.