கால், அரை, முக்கால்

வீட்டில் இருந்தபடியே ஆப் செய்து மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ஆப்பில் மாதம் மூவாயிரம், நாலாயிரம் ரூபாய் வருகிறது. ஆவணியிலும் தையிலும் கொஞ்சம் கூடும். ஆடியில் படுத்துவிடும். காரணம், அது ஜாக்கெட் தைக்கும் டெய்லர்களுக்கான அளவு நோட்டு. முகூர்த்தம் இல்லாவிட்டால் அவர்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை!

பகலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். உங்களில் யாராவது இதுபோல் தொடங்குவதாக இருந்தால், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். வெளி வருமானம் கூடாது என்று பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். நான் ஹெச்.ஆரிடம் மெயில் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். அதுவும் ஆபீஸ் லேப்டாப் அல்ல, என் சொந்தப் பணத்தில் வாங்கியது.

எங்கள் தெருவில் ஒரு டெய்லர் அக்கா இருக்கிறார். அவர் கடையில் ஒரு வாரம் சாயங்காலம் போய் உட்கார்ந்து, அவர் எப்படி அளவு எழுதுகிறார் என்று பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பாதி அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கற்றதுதான். டெய்லர்கள் யாரும் 14.75 என்று நினைப்பதில்லை. “பதினாலே முக்கால்” என்றுதான் சொல்கிறார்கள். வலது கையில் இஞ்ச் டேப் இருக்கும்போது இடது கட்டைவிரலால் புள்ளி தேடி அழுத்த முடியுமா? அதனால் எண்களுக்குப் பக்கத்திலேயே கால், அரை, முக்கால் என்று மூன்று பெரிய பட்டன்கள் வைத்தேன். அளவு ஜாக்கெட் கொண்டு வருபவர்களுக்கு அதைப் போட்டோ எடுத்து வைக்க ஓர் இடம். “போன தடவையைவிடக் கை கொஞ்சம் லூஸா” என்பதைப் பேசிப் பதிவு செய்ய ஒரு மைக். ஆப்பைப் பற்றி வரும் பாராட்டில் முக்கால்வாசி அந்த முக்கால் பட்டனுக்குத்தான்.

ப்ளே ஸ்டோரில் கணக்குத் தொடங்க 25 டாலர், ஒரே ஒருமுறை கட்டினால் போதும். ஆப்பிள் போன் என்றால் வருடத்துக்கு 99 டாலர். என் டெய்லர்கள் கையில் இருப்பதெல்லாம் ஆண்ட்ராய்டு, அதனால் அந்தச் செலவு மிச்சம். பணத்தைவிடப் பெரிய சோதனை வேறு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதனையாளர்களாக இருந்தால்தான் ஆப்பை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்க முடியும். நாத்தனார், சித்தி மகள், டெய்லர் அக்காவின் சம்பந்தி என்று ஆள் திரட்டினேன். கல்யாணத்துக்குப் பந்தி விசாரிப்பது போல, “இருக்கீங்களா, எடுத்துடலையே?” என்று தினமும் போன்!

அடுத்து, காசு எப்படி வாங்குவது? வருடத்துக்கு நூறு ரூபாய் என்று விலை வைக்கலாம், அதில் 15 சதவீதத்தை கூகுள் எடுத்துக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. தனிநபர் கணக்கில் ப்ளே ஸ்டோர் வழியாகக் காசு வாங்கினால் நம் முழு முகவரியும் அங்கே எல்லோருக்கும் தெரியும். கதவு எண் உட்பட. இரண்டு பெண் குழந்தைகளோடு இருக்கும் வீடு. யோசித்துப் பார்த்து, விளம்பரமே போதும் என்று முடிவு செய்தேன்.

விளம்பரக் காசு 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண் தபாலில் வரும். இந்தக் காலத்திலும் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் 100 டாலர் சேர ஏழு மாதம் ஆனது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. வருமான வரிக் கணக்கில் இதையும் காட்டுகிறேன்.

ஒருநாள் அக்கா போனை நீட்டினார். திரையில் ‘ஐந்தே நிமிடத்தில் கடன்’.

“ஏம்மா, உன் ஆப்புலதானே வருது? நம்பி வாங்கலாமா?”

“வேணாங்க்கா. அது நான் போடுறது இல்ல. யாரோ காசு கொடுத்து விடுறது.”

“எனக்கு அதெல்லாம் தெரியாதே. நீ கொடுக்கிறதுன்னுதான நெனச்சேன்.”

அன்று ராத்திரியே கடன் விளம்பரம், சூதாட்ட விளம்பரம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டேன். அதற்கு அமைப்பு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். “வருமானம் குறையுமே?” என்றார் வீட்டுக்காரர். குறைந்தது. அந்த மாதம் எண்ணூறு ரூபாய் போல. எனக்கு இது உபரி. அவர்களுக்கு அந்த போன்தான் கடை.

அதே காரணத்துக்காக, பெண்களின் உடல் அளவு எதையும் நான் என் பக்கம் வாங்கி வைப்பதில்லை. எல்லாம் அவரவர் போனிலேயே இருக்கும். ஞாயிறுதோறும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி ஆப் நினைவூட்டும். தேனியிலிருந்து ஒருவர், போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தும் அறுநூறு பேர் அளவு தப்பியது என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கண்டிப்பும்: “சாமி பாட்டு விளம்பரம் மட்டும் போடுங்க மேடம்.” அப்படி ஓர் அமைப்பு இன்னும் வரவில்லை!

இப்போது அக்கா பள்ளிச் சீருடைக்கு ஒரு பக்கம் கேட்கிறார். ஒரே பள்ளியில் நாற்பது பிள்ளைகள் என்றால், பெயர் வாரியாக இல்லாமல் வகுப்பு வாரியாக வேண்டுமாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தரவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கியதும், அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.