கையை விடுதல்

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போயிருந்தவர்களில் ஒன்பது பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயம் பட்ட பலரை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் சாவு இருபதைத் தாண்டியது. அந்த வாரமே என் நண்பர் ஒரு கவிதை எழுதினார். தீ சூழ்ந்த சரிவில் இருவர் கைகோத்து நிற்கிறார்கள். கடைசிவரை கையை விடவில்லை. கவிதை அவ்வளவுதான். நான் அதைப் புகழ்ந்தேன். சொற்சிக்கனம், படிமத்தின் கூர்மை என்றெல்லாம் சொன்னேன். அந்தப் புகழ்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சென்ற மே மாதம் ஒரு ஞாயிறு, அவரும் நானும் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். மதுரைக்காரனுக்கு மலை என்றால் தோற்ற பகைவன். யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் இந்த ஊரை அழிக்கச் சமணர்கள் ஏவிய மிருகங்கள், கல்லாய்ச் சமைந்துவிட்டன என்பது திருவிளையாடல் கதை. இதைப் பேசிக்கொண்டே ஏறினோம். பேச்சிப்பள்ளத்துத் தீர்த்தங்கரர்களைப் பார்த்துவிட்டு, மேலே மொட்டைப் பாறைக்குப் போனபோது மணி பதினொன்றரை. இருவருக்கும் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர், அதுவும் தீர்ந்திருந்தது.

திரும்பும்போது அவர் பேச்சு குழறியது. என்னைத் தம் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். உடம்பு தொட்டால் சுட்டது. ஸன் ஸ்ட்ரோக் என்பது வெறும் மயக்கம் அல்ல. உடம்பின் சூடு 40 டிகிரி ஸெல்ஸியஸைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பித்தபின் உடனே குளிர்விக்காவிட்டால் ஆள் பிழைப்பது சந்தேகம். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. 108ஐ அழைத்தேன். வண்டி அடிவாரத்துக்குத்தான் வரும். தண்ணீர் கீழே சுனையில். பாறை இடுக்கில் ஒரு முழம் நிழல் இருந்தது. அதில் அவரைக் கிடத்தினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கனயே இருய்யா.”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை விடுவித்துக்கொள்ள முடிந்தது.

கரடியைக் கண்டு மரமேறிக்கொண்ட நண்பனின் கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். சோழனோடு வடக்கிருந்து உயிர்விட்ட பிசிராந்தையாரையும் படித்திருக்கிறோம். உடனிருப்பது நட்பு, விலகுவது துரோகம். 1985இல் பெரு நாட்டின் ஸியூலா கிராண்டே மலையில் ஸைமன் யேட்ஸ், ஜோ ஸிம்ஸன் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றை அறுத்தார். அறுக்காவிட்டால் இருவரும் விழுந்திருப்பார்கள். ஸிம்ஸன் பிழைத்துத் தவழ்ந்து வந்து, அறுத்தது சரிதான் என்று புத்தகமே எழுதினார். என் காரியம் அவ்வளவு சிக்கலானதில்லை. தண்ணீர் கொண்டுவரப் போகிறேன். ஆனாலும் பத்தடி இறங்கியதும் எனக்கு உண்டானது பதற்றமில்லை. அந்தக் குழறல் இனிக் காதில் விழாது என்ற நிம்மதி. இதை மறைத்தால் இந்தக் கட்டுரையும் அந்தக் கவிதையைப்போல் ஆகிவிடும்.

பாட்டிலை நிரப்பி, சட்டையைக் கழற்றி நனைத்துக்கொண்டு ஏறினேன். ஆடு மேய்க்க வந்திருந்த பெரியம்மா ஒருவர் என் கூச்சலைக் கேட்டுப் பின்னாலேயே வந்தார். நான் அவர் வாயில் தண்ணீரைச் சாய்க்கப் போனபோது, “வாயில ஊத்தாதய்யா, மேல ஊத்து” என்று தடுத்தார். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, முந்தானையால் விசிறினார். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு மேலே ஏறி வந்தார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டார்.

மலைச் சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரிகிற சூடே மேலே உள்ள புல்லைக் காயவைத்துவிடும். அங்கே நிற்பவன் செய்ய வேண்டியது, புல்லில்லாத பாறையையோ எரிந்து முடிந்த தரையையோ தேடி ஓடுவது. கைகோத்து நிற்பது சாவு. அதை அழகு என்று சமவெளியில், மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதினார் ஒருவர். ஆமாம் என்றேன் நான். கையை விட்டவனுக்கும் விடப்பட்டவனுக்கும் அந்தக் கவிதையில் இடமே இல்லை.

வீட்டுக்கு வந்தபின் அவரைப் பார்க்கப் போனேன். மலையில் நடந்தது ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“நீ போனது ஞாபகம் இருக்குய்யா. திரும்பி வந்ததுதான் ஞாபகம் இல்ல.”