குருமண்வெளித் துறையில் பாதை ஏறியபோது

குருமண்வெளித் துறைக்கு நான் போய்ச் சேர்ந்த நேரம், மண்டூரிலிருந்து புறப்பட்ட பாதை நடு வாவியில் வந்துகொண்டிருந்தது. மிதவைகளின் மேல் பலகைத் தளம், சுற்றிவரக் கம்பி, தள்ளிச் செல்ல ஓர் இயந்திரம். மட்டக்களப்பில் இதைத்தான் பாதை என்கிறார்கள். கரை தட்டியதும் முதலில் இறங்கியவை தயிர்ச்சட்டிகள் கட்டிய மோட்டார் சைக்கிள்கள். பின்னால் பால் கேன்கள், ஒரு நெல் மூட்டை, களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போகும் ஒரு வயதான அம்மா.

இந்தக் கரையில் ஏறக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு ஒரு வியாபாரியும் நின்றார். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் அங்கே. கடலும் கடைத்தெருவும் பெரிய வைத்தியசாலையும் இங்கே. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது.

"ஓரத்தில நிக்காதீங்க தம்பி, நடுவுக்கு வாங்க" என்றார் பாதை ஓட்டுபவர். ஓடி வந்த ஒரு பையனிடம், "மறுகா வாற பாதையில வாங்க மனே, இதுல இடமில்ல" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் போட்டார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. இடமில்லாதபோது இடமில்லை என்று சொல்லும் ஆள்தான் ஒரு துறைக்கு முதல் பாதுகாப்பு. 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், இதே போன்ற ஒரு பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்துபோனார்கள். அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை சனம் கடக்கத்தான் அந்தப் பாதை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எந்தத் துறையில் நின்றாலும் என் கண் முதலில் தேடுவது உயிர்காப்பு அங்கிகளைத்தான்.

பாதை நகர்ந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. தோணியில் நின்று ஒருவர் வீச்சுவலையை உதறி எறிந்தார். நட்டிருந்த கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்தன. கரையோரம் கண்ணா மரங்கள் வேரை நீருக்குள் ஊன்றி நின்றன. பக்கத்தில் ஓர் ஆசிரியை மோட்டார் சைக்கிள் ஆசனத்தில் கொப்பிகளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் படம் எடுப்பதைப் பார்த்துச் சொன்னார்: "உங்களுக்கு வடிவாத்தான் இருக்கும். மாரியில வந்து பாருங்க."

மாரியில் வாவி பெருகும், காற்று எழும், பாதை நின்றுவிடும். பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாமென்றால் வெல்லாவெளி-மண்டூர் வீதியில் வெள்ளம் ஏறிவிடும். பாடசாலை தூரத்தில் தெரிந்துகொண்டே இருக்கும், போக வழி இருக்காது. இந்த இடத்துக்கு ஒரு பாலம் வேண்டுமென்று படுவான்கரைச் சனம் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டது.

மண்டூரில் முருகன் கோயில் துறைக்குக் கிட்டத்தான். சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிறார். நான் போன நேரம் கூட்டமில்லை. கும்பிட்டுவிட்டு அடுத்த பாதையில் திரும்பினேன்.

இதே வாவியின் மண்முனைத் துறையிலும் முன்பு இப்படித்தான் கடந்தார்கள். போர்க்காலத்தில் ஒரு கரையில் இராணுவம், மறு கரையில் புலிகள். 2007 வரை ஒவ்வொரு கடப்பும் இரண்டு பக்கச் சோதனை. ஜப்பானிய உதவியில் 2014இல் அங்கே பாலம் திறந்த பிறகு, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்குப் போகிறவர்கள் வாகனத்தை விட்டு இறங்க வேண்டியதேயில்லை.

பின்னேரம் மட்டக்களப்பு நகரத்துக்கு வந்து வேறு விதப் படகில் ஏறினேன். நகரின் நடுவான புளியந்தீவே வாவிக்குள் கிடக்கும் தீவுதான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தாண்டில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இன்றும் நீரோரத்தில் நிற்கிறது. 1814இல் மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் மட்டக்களப்பு வாயிலும் பக்கத்தில்தான். நான் ஏறிய படகில் கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம், மூன்று தலைமுறையினர். கல்லடிப் பாலத்தைத் தாண்டி முகத்துவாரப் பக்கம் போனோம். பாலமீன்மடு வெளிச்சவீடு 1913ஆம் ஆண்டுக் கட்டடம். வாவியிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் உயரம் தெரிகிறது.

பாலத்தடியில், நீருக்குள்ளிருந்து ஒலிப்பதாகச் சொல்லப்படும் பாடும் மீனைக் கேட்க வேண்டுமென்று அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். அதற்கு நிலவும் அமைதியும் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தித் துடுப்பை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். 1848இல் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் நிலவில் படகேறி இந்த ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அது ஊரி என்னும் நத்தையின் சத்தமென்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்களாம். எங்கள் படகிலோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. உல்லாசப் படகுகள் அதை நிறுத்தினாலே பாதி வாவி காதுக்குக் கிடைத்துவிடும்.

பாலம் வந்தால் பாதையின் அழகு போய்விடுமே என்று நண்பர்கள் சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் அழகுக்காக ஓர் ஆசிரியை மாரியில் கரையில் நிற்க வேண்டியதில்லை. கல்லடியில் 2013இல் புதுப் பாலம் வந்தது. பழைய இரும்புப் பாலம் இடிபடாமல் நிற்கிறது, பின்னேரங்களில் சனம் காற்று வாங்குகிறது. மண்டூருக்கும் பாலம் வரட்டும். அதன் பிறகு பாதையைப் பார்க்க வருவோருக்காக ஓட்டலாம்.

அதுவரை கூட்டமாகப் போகிறவர்கள் காலைப் பாடசாலை நேரத்தையும் பின்னேரம் வேலை விடும் நேரத்தையும் விட்டுப் போங்கள். ஆவணித் திருவிழாவில் துறை நிரம்பி வழியும். நடக்க முடிந்தவர்கள் வாகனத்தைக் குருமண்வெளியில் விட்டுவிட்டு ஆளாக ஏறினால், அக்கரைக்காரரின் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இடம் கிடைக்கும்.