குதுப் மினாருக்கு எவ்வளவு தூரம்?

தில்லிக்கு வரும் உறவினரைக் குதுப் மினாருக்கு அழைத்துச் செல்லாத தமிழ்க் குடும்பம் இராது. ஆனால் அதை அடுத்துள்ள மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குச் செல்வோர் மிகச் சிலரே. பால்பனின் சமாதி, ஜமாலி கமாலி மசூதி, தாமஸ் மெட்காப் என்ற ஆங்கிலேய அதிகாரி மாளிகையாக மாற்றிக்கொண்ட குலிகான் சமாதி ஆகியவை அங்கே மரங்களுக்கிடையே அமைதியாக நிற்கின்றன. மெட்காப் ஒரு மேட்டின்மீது எழுப்பிய சிறு மண்டபத்திலிருந்து பார்த்தால் மினார் வெகு கம்பீரமாகத் தோன்றும்.

சென்ற குளிர்காலத்தில் ஊரிலிருந்து வந்திருந்த என் தந்தையாரை அங்கே அழைத்துச் சென்றேன். முழங்கால் வலி உள்ளவர். மினாரின் அருகே நிற்கும் இரும்புத் தூணைப் பார்த்துவிட வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் துருவால் அழியாத தூண் அல்லவா! மண்டபத்துப் படியில் அமர்ந்துகொண்டு, "இங்கிருந்து எவ்வளவு தூரமப்பா இருக்கும்?" என்று கேட்டார்.

கைப்பேசிப் படத்தைக்கொண்டு தூரம் அறியும் ஒரு கணக்கை நான் அப்பொழுதுதான் பழகியிருந்தேன். 2 மீட்டர் உயரமுள்ள எங்கள் வீட்டு வாசற்கதவை 4 மீட்டர் தள்ளி நின்று படமெடுத்தேன். திரையில் அளவுகோலை வைத்துப் பார்த்ததில் கதவு 56 மில்லிமீட்டர் இருந்தது. 56ஐ 4ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 112. இந்த எண் அந்தக் கைப்பேசிக்கு, அந்த ஒரு வில்லைக்கு மட்டுமே உரியது. படத்தைப் பெரிதாக்கினாலோ அகலக் காட்சி வில்லைக்கு மாறினாலோ செல்லாது. பின்பு எந்தப் பொருளானாலும், அதன் உண்மை உயரத்தை 112ஆல் பெருக்கித் திரையில் தெரியும் உயரத்தால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும்.

மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். திரையில் 8 மில்லிமீட்டர் இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் என்று விடை வந்தது. "ஒரு கிலோமீட்டர், அப்பா" என்றேன், சற்றுப் பெருமையோடு.

"அப்படியானால் வேண்டாமப்பா. இங்கிருந்தே தரிசனம் ஆயிற்று" என்று எழுந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாளில் அவர் ரயிலேறிவிட்டார்.

அவர் போன பிறகு அந்தப் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மினாரின் முதல் அடுக்கும், அதற்கு மேலும் சிறிதும் மரங்களுக்குள் மறைந்திருந்தன. தெரிந்தது பாதிக் கோபுரம். நான் கணக்கிட்டதோ முழுக் கோபுரத்துக்கு! பாதி உயரத்தை இட்டுப் பார்த்தால் சுமார் 510 மீட்டர்தான் வருகிறது. கைப்பேசியிலுள்ள வரைபடமும் ஏறக்குறைய அதையே காட்டிற்று.

இதுவும் காகம் பறக்கும் தூரமே. பூங்காவை விட்டு வெளியேறி, சாலையோடு சுற்றி, சீட்டு வாங்கி உள்ளே நுழைவதற்குள் கால்கள் அதைவிட அதிகம் நடக்க வேண்டும். இந்தச் சமாதானத்தை அவரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

சிரித்தார். பிறகு, "தூணைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்களாமே, எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கலாம்?" என்று கேட்டார்.

மாசியில் மறுபடி வருகிறார். இம்முறை நேரே மினார் வாசலில் ஆட்டோவை நிறுத்துவதாக இருக்கிறேன்.